பின்னால் பதிந்தவருக்கு முதலில் சிறுநீரகம் கிடைத்தது எப்படி?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. நான்கு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை மூலம் மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்குப் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. அவனுக்கு ஓ பாசிட்டிவ். மனைவி கொடுக்கத் தயார், ஆனால் அவளுக்கு பி பாசிட்டிவ் என்பதால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், ஒன்றரை வருடம் கழித்துப் பதிந்தவர், அவருக்குப் போன மாதம் சிறுநீரகம் கிடைத்துவிட்டது. கொஞ்சம் வசதியானவர். பணம் விளையாடுகிறதா? எங்களுக்கும் ஒரு பெரிய இடத்து சிபாரிசு பிடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? செய்யாமல் விட்டால் தம்பிக்குத் துரோகம் செய்தது போல ஆகிவிடாதா?
— ஓர் அக்கா, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரரின் ரத்த வகை என்ன, அவர் எந்த மருத்துவமனையில் பதிந்திருந்தார் என்று தம்பியிடம் கேளுங்கள். இந்த இரண்டு விவரமும் உங்கள் கடிதத்தில் இல்லை. பத்தில் எட்டு தடவை விடை அங்கேயே இருக்கும்.

காத்திருப்போர் பட்டியல் என்றதும் நமக்கு ரேஷன் கடை வரிசைதான் நினைவுக்கு வருகிறது. முன்னால் வந்தவர் முன்னால் வாங்க வேண்டும், நடுவில் எவராவது நுழைந்தால் சத்தம் போடலாம். சிறுநீரகப் பட்டியல் அப்படி ஒரே வரிசை கிடையாது. ரத்த வகைக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, அப்புறம் பொதுவாக ஒன்று என்று பல வரிசைகள். அவர் ஏபி வகையாக இருந்தால் உங்கள் தம்பியின் வரிசையில் அவர் நின்றதே இல்லை.

ஓ வகையின் கஷ்டத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஓ வகைக்காரரின் சிறுநீரகம் எல்லா வகையினருக்கும் பொருந்தும். ஓ வகை நோயாளிக்கோ ஓ மட்டும்தான். ஓ சிறுநீரகத்தை எல்லாருக்கும் பொதுவில் விட்டால் உங்கள் தம்பி போன்றவர்கள் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் ஓ உறுப்பு முதலில் ஓ நோயாளிக்கே என்று விதி வைத்திருக்கிறார்கள். இருந்தும் அந்த வரிசைதான் நீளம். காரணம் வீடுகளில் இருக்கிறது. ஏபி நோயாளிக்கு மனைவி, அம்மா, அண்ணன் என்று யார் கொடுத்தாலும் ரத்த வகை தடையாக இருக்காது. ஓ நோயாளிக்கு உங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். கொடுக்க ஆள் இருந்தும் பொருந்தாமல் பட்டியலுக்கு வந்து சேர்கிறார்கள்.

ரத்த வகை ஒத்துப்போனாலும் வேலை முடிவதில்லை. சிறுநீரகப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ஒரு சிறுநீரகம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒன்றுதான் வரப்போகிறது என்றாலும் மூன்று பேரைக் கூப்பிடுவோம். அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர், தேனியிலிருந்து ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர். மூவரும் வெறும் வயிற்றோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுத்து, தானம் கொடுப்பவரின் செல்களோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் முடிவுக்கு விடியும் வரை காத்திருந்தோம். பட்டியலில் முதலில் இருந்த அருப்புக்கோட்டைக்காரருக்கு பாசிட்டிவ். அதாவது, அவர் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்புப் பொருள் அந்தச் சிறுநீரகத்தை வைத்த சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். டயாலிசிஸ் ஆரம்பித்த காலத்தில் ரத்தசோகைக்காகப் பலமுறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள், அதன் விளைவு. அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள் என்பதால் எங்கள் யூனிட்டிலேயே காலை ஷிப்டில் சேர்த்துக்கொண்டோம். மேல் மாடி தியேட்டரில் அவருக்கு அடுத்து இருந்தவருக்கு ஆபரேஷன் நடக்க, இவர் கீழே மிஷினில் படுத்திருந்தார். அவர் வீட்டுக்காரர்களும் நீங்கள் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்கள், பணம் விளையாடியதா என்று.

அடுத்தது மருத்துவமனைப் பங்கு. மூளைச்சாவு அடைந்தவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறாரோ அங்கே உறுப்பு மாற்று உரிமம் இருந்தால், ஒரு சிறுநீரகம் அந்த மருத்துவமனைப் பட்டியலுக்கும் இன்னொன்று பொதுப் பட்டியலுக்கும் போகும். அரசு மருத்துவமனையில் கிடைப்பதற்கு அரசு மருத்துவமனைப் பட்டியல்களில் முன்னுரிமை. ஆகவே, தானம் அடிக்கடி நடக்கும் இடத்தில் பதிந்தவருக்குச் சீக்கிரம் வாய்ப்பு வரலாம். இது நியாயமா? நோயாளி பக்கமிருந்து பார்த்தால் இல்லை. ஒரே நோய், ஒரே வருடம் பதிவு, கட்டடம் மட்டும் வேறு. ஆனால், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் கெடாமல் ஒன்றிரண்டு நாள் ஐசியுவில் பார்த்துக்கொள்வதும், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தோடு பேசுவதும் லேசான வேலை இல்லை. அந்தப் பங்கு இல்லாவிட்டால் பல இடங்களில் மூளைச்சாவை அறிவிக்கக்கூட மாட்டார்கள், மொத்த எண்ணிக்கையே குறையும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு அரை மனசுதான். பொதுப் பட்டியலின் பங்கு கூட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, பணம். பட்டியலின் வரிசையைப் பணம் மாற்றுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2008-ல் மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் தொடங்கியபோதே ஒதுக்கீட்டை மருத்துவமனைகளின் கையில் விடாமல் ஓர் அரசு அமைப்பிடம் கொடுத்தார்கள். இன்று அந்த வேலையைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் செய்கிறது. ஆனால், பணம் பட்டியலுக்கு வெளியே நன்றாகவே வேலை செய்கிறது. பதிவதற்கு முன் எக்கோ, இதயப் பரிசோதனை, பல் டாக்டர் சான்று என்று அலைய வேண்டும். தினக்கூலிக்காரர் அதில் ஆறு மாதம் பிந்துவார். நடுவில் காய்ச்சல், காசநோய் என்று ஏதாவது வந்தால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள். குணமான பிறகு டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மறுபடி ஆக்டிவ் ஆக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ரீசார்ஜ் செய்யாமல் சிம் செயலிழந்து, ராத்திரி வந்த அழைப்பைத் தவறவிட்டவரை எனக்குத் தெரியும். அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போனது. விதிப்படி பார்த்தால் யார் மேலும் தப்பில்லை.

இனி சிபாரிசு. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்கு வருடம் டயாலிசிஸ் பார்த்த குடும்பத்துக்கு எந்தக் கதவையும் தட்டத் தோன்றும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். சிபாரிசு பலித்தால் புதிதாக ஒரு சிறுநீரகம் முளைக்கப் போவதில்லை. அந்த ராத்திரி பெஞ்சில் இருக்கும் மூவரில் முதல் ஆள் எழுந்து வீட்டுக்குப் போவார், ஏன் என்று அவருக்குத் தெரியாமலே. அடுத்த மாதம் உங்களைவிடப் பெரிய சிபாரிசு வரும்போது அந்த முதல் ஆள் உங்கள் தம்பியாக இருக்கலாம்.

மனிதர்களைப் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 60 வருடங்களுக்கு முன்பே அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள். சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் 1960-ல், ரத்தக் குழாயில் நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு குழாயை உருவாக்கினார். அதுவரை சில நாள் மட்டுமே செய்ய முடிந்த டயாலிசிஸை வருடக்கணக்கில் செய்யலாம் என்றானது. 1962-ல் மையம் திறந்தார்கள். மிஷின்கள் சில, நோயாளிகள் ஏராளம். யாருக்கு என்று தீர்மானிக்க ஏழு பேர் குழு: ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அரசு அதிகாரி, ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர். பெயர் வெளியிடாமல் கூடிப் பேசினார்கள். நல்லவர்கள்தான், காசு வாங்கியதில்லை. ஆனால், அவர்கள் எடைபோட்டது வருமானம், படிப்பு, எத்தனை பிள்ளைகள், தேவாலயத்துக்குப் போகிறாரா, ஊருக்கு என்ன செய்தார் என்பதை எல்லாம். பத்திரிகையில் விஷயம் வெளியானதும் பெரிய சர்ச்சை. தன்னைப் போலவே வாழும் ஆட்களைத்தான் அந்தக் குழு காப்பாற்றியது என்றார்கள். 1972-ல் அமெரிக்க அரசு ஏறக்குறைய எல்லாருக்கும் டயாலிசிஸ் செலவை ஏற்கச் சட்டம் கொண்டுவந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. சிபாரிசு என்பது அந்தக் குழுவை மறுபடி கூட்டுவதுதான். இந்த முறை பாதிரியாருக்குப் பதில் உங்கள் பெரிய இடத்துக்காரர்.

அப்படியானால் கண்டிப்பாக முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்துவிடலாமே என்பீர்கள். 2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது சென்னையில் அதையும் பார்த்தோம். ரெம்டெசிவிர் ஊசிக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு நேரு விளையாட்டரங்கத்திலும் விடிய விடிய வரிசை. நிற்கத் தெம்புள்ள உறவினர் உள்ளவருக்குக் கிடைத்தது. துணைக்கு ஆளில்லாமல் ஆக்சிஜனில் கிடந்தவருக்கு வரிசை இருப்பதே தெரியாது. இத்தனைக்கும் அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. கடைசியில் நேரடி விற்பனையை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே ஒதுக்கினார்கள். வரிசை பார்ப்பதற்குச் சமமாகத் தெரியும், அதில் நிற்க முடிகிறவர்களுக்கு மட்டும்.

இதனால்தான் கல்லீரலுக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு டயாலிசிஸ் போல மாற்று மிஷின் இல்லை. அங்கே நோயின் தீவிரத்துக்கு அதிக எடை உண்டு. சிறுநீரகத்தில் காத்திருந்த காலத்துக்கு அதிக எடை, ஏனென்றால் காத்திருக்க ஒரு வழி இருக்கிறது. அது எப்படிப்பட்ட வழி என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும்.

இன்னொன்று, சிபாரிசு பிடித்துத் தருவதாகச் சொல்பவர் பேச்சு நடுவில் ஒரு தொகையைச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உறுப்புக்காகப் பணம் வாங்கியவர், இடையில் நின்றவர் என்று மட்டுமில்லை, கொடுத்தவரும் சட்டத்தில் மாட்டுவார். ஐந்து முதல் பத்து வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைப் பணம் கொடுத்து வாங்கியதாக 2025-ல் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது இப்படிப்பட்ட இடைத்தரகர்களில்தான் தொடங்குகிறது.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். தம்பிக்காக நீங்கள் நெருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அங்கே தயங்காமல் நெருக்குங்கள். மருத்துவமனையின் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரைப் பாருங்கள். பதிவு எண்ணும் தேதியும் வாங்குங்கள். பெயர் இன்று ஆக்டிவா என்று கேளுங்கள். ஓ வகையில் இந்த மருத்துவமனைப் பட்டியலில் எத்தனையாவது இடம், பொதுப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமனையை மாற்றும் எண்ணம் இருந்தால், இதுவரை காத்திருந்த காலத்தின் பதிவு மூப்பு என்ன ஆகும் என்பதை மாறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பியோடு சேர்த்து இரண்டு மூன்று பேரின் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ரத்தசோகைக்கான ஊசியில் சமாளிக்க முடியுமா என்று ஒரு தடவையாவது கேளுங்கள். அருப்புக்கோட்டைக்காரரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தம்பி மனைவியின் விஷயத்தை மூடிவிட வேண்டாம். ஸ்வாப் என்று ஒரு வழி உண்டு. பொருந்தாத இரண்டு ஜோடிகள் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுப்பது. 2011 சட்டத் திருத்தம் அதை அனுமதிக்கிறது. உண்மையைச் சொன்னால் ஓ நோயாளிக்கு ஜோடி அமைவது கடினம், ஏனென்றால் ஓ வகைத் துணை உள்ளவர்கள் பெரும்பாலும் நேரடியாகவே கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் பெயரைக் கொடுத்து வைப்பதில் நஷ்டமில்லை. ரத்த வகை பொருந்தாமலே செய்யும் மாற்றுச் சிகிச்சையும் இன்று நம் நாட்டில் நடக்கிறது. செலவு கூடுதல், ஆபத்தும் சற்றுக் கூடுதல். எல்லாருக்கும் ஒத்துவராது.

இவ்வளவு எழுதியும் ஒன்றை விட்டுவிட்டீர்கள், உங்கள் சொந்த ரத்த வகையை. உடன்பிறந்தவர் என்பதால் சட்டப்படி நீங்கள் கொடுக்கலாம். கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கச் சொல்லி 2025-ல் உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பான நோட்டோ மாநிலங்களுக்கு எழுதியதும் இதனால்தான். பரிசோதனைக்குப் போகும் அக்காக்களையும் மனைவிகளையும் நான் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் பேசுவேன். விருப்பமில்லை என்று அவர்கள் சொன்னால் காரணம் கேட்க மாட்டேன். கதவைத் திறந்து வீட்டாரிடம், "மருத்துவரீதியா இவங்க தானம் கொடுக்க ஏத்தவங்க இல்லை" என்று மட்டும் சொல்வேன். நீங்கள் பார்க்கும் மருத்துவரிடமும் அப்படித் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.