ஃபிளேவின் நொதிகள் பெரிய கலனில் ஏன் திணறுகின்றன?

ஆய்வகக் குடுவையில் நன்றாக இயங்கும் ஃபிளேவின் நொதி, ஆலைக் கலனுக்குப் போனதும் ஏன் சோர்ந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதி என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது காற்றோட்டத்தைத்தான்.

வைட்டமின் பி2-இலிருந்து உருவாகும் எஃப்எம்என் அல்லது எஃப்ஏடி என்ற ஃபிளேவின் துணை மூலக்கூறு இந்த நொதிகளுக்குள் அமர்ந்திருக்கும். 1932-இல் வார்பர்க், கிறிஸ்டியன் என்ற உயிர்வேதியியலாளர்கள் ஈஸ்ட்டிலிருந்து பிரித்த மஞ்சள் நொதியோடு இவற்றின் வரலாறு தொடங்குகிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு இருப்பதால், பெரும்பாலான கரிமச் சேர்மங்களோடு அது எளிதில் வினைபுரியாது. ஒடுக்கப்பட்ட, அதாவது எலக்ட்ரான்களைப் பெற்ற, ஃபிளேவினோ முதலில் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. உலோக அயனி எதுவும் இல்லாமல் இது நடப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது!

இதன் பயன் பெரிது. சைக்ளோஹெக்சனோன் மோனோஆக்சிஜனேஸ் கீட்டோனை லாக்டோனாக, அதாவது வளைய எஸ்டராக, மாற்றும். வழக்கமான வேதிமுறையில் அதற்கு ஆபத்தான பெர்அமிலங்கள் வேண்டும். அதே நொதியைப் படிப்படியாகத் திருத்தி, கோடெக்சிஸ் நிறுவனம் எசோமெப்ரசோல் என்ற வயிற்றுப்புண் மருந்தைத் தயாரிக்கும் வழியை உருவாக்கியது. இயற்கையில் கிடைத்த வடிவம் அந்த மருந்தின் மூலப்பொருளை ஏறத்தாழத் தொடவே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். 25 டிகிரி செல்சியஸில், காற்றால் நிறைவுற்ற ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். லிட்டருக்கு ஒரு மோல் விளைபொருள் வேண்டுமென்றால் குறைந்தது 32 கிராம் ஆக்சிஜன் செலவாகும். அதாவது, கரைந்திருக்கும் இருப்பு சுமார் 4,000 முறை தீர்ந்து நிரம்ப வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி! காற்றை வேகமாகச் செலுத்தினால், குமிழிகளின் பரப்பில் பட்டு நொதி உருக்குலையலாம். கரிமக் கரைப்பான் இருந்தால் தீப்பற்றும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

ஃபிளேவினுக்கு எலக்ட்ரான்களைத் தரும் விலையுயர்ந்த என்ஏடிபிஎச் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸைக் கூடச் சேர்த்து அதை மீட்டெடுக்கும் முறை நன்கு பழகிப்போன ஒன்று. வினை தடம் மாறி ஹைட்ரஜன் பெராக்சைடு உருவானால், கேட்டலேஸ் சேர்த்து அதை அழிக்கலாம். ஆக்சிஜனில் பாதியும் திரும்பக் கிடைக்கும்.

எனவே நொதியை மேலும் திருத்தக் கிளம்பும் முன், உங்கள் கலன் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆக்சிஜனைக் கரைக்கிறது என்று அளந்து பாருங்கள். விளைபொருள் உருவாகும் வேகம் அந்த எண்ணோடு ஒட்டியே நின்றால், நொதியின் அளவைக் கூட்டியும் பயன் இருக்காது. கார்பன் இரட்டைப் பிணைப்பை ஒடுக்குவதுதான் உங்கள் தேவை என்றால், அந்த மஞ்சள் நொதியின் உறவினர்களான ஈன்-ரிடக்டேஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஆக்சிஜனே தேவையில்லை. காற்றை விலக்கி வைப்பதே நல்லது.