விசுவாசத்தினாலேயே இரட்சிப்பு என்றால் நற்கிரியைகள் எதற்கு?

கேள்வி கேட்டவர் இரண்டு வசனங்களை எதிரெதிரே வைத்திருக்கிறார். மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது யாக்கோபு 2:24. எதை நம்புவது?

இரண்டையும். அந்த இரண்டு நிருபங்களையும் எழுதிய பவுலும் யாக்கோபும் ஒரே ஆளோடு பேசவில்லை. விருத்தசேதனம் செய்துகொண்டு முதலில் யூதனாகு, அப்புறம்தான் கிறிஸ்துவிடம் வரலாம் என்று புறஜாதியாரை வாசலில் மறித்தவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். யாக்கோபுக்கு முன்னால் இருப்பவர்கள் வேறு. உடுக்கத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் அவர்கள். தன் கருத்துக்கு இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் ஆதியாகமம் 15இல் நின்று, அவன் தேவனை நம்பினான் என்கிறார். யாக்கோபு அதே வசனத்தைச் சொன்னாலும் 22ஆம் அதிகாரத்துக்கும் போய், நம்பியவன் தேவன் பலியாகக் கேட்ட மகன் ஈசாக்கோடு மலை ஏறினான் என்கிறார்.

புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு யாக்கோபின் நிருபம் பிடிக்கவில்லை. 1522இல் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். பாவமன்னிப்புச் சீட்டுக்குத் திருச்சபை காசு வாங்கிய காலத்தில் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. நானூற்றுச் சொச்சம் வருடம் கழித்து, 1999 அக்டோபர் 31இல், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்கிரியைகள் அதன் கனி என்று இரு தரப்பும் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. 2006இல் மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள்.

இறையியல் இவ்வளவு போதும். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தவர். அதனால் இந்த விஷயத்தை எனக்குக் கூலியை விட்டுப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பறித்த கொழுந்து அந்த நாளுக்குரிய நிறை வராவிட்டால், வேலை நாளைப் பதிகிற செக்றோலில் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் கூலிதான். காலையிலிருந்து அட்டைக்கடி பட்டு மலை ஏறி இறங்கியதெல்லாம் தராசுக்குத் தெரியாது. இப்படி வாழ்கிற பெண்ணிடம் போய், நீ செய்த நன்மையை நிறுத்துப் பார்த்துத்தான் தேவன் உன்னை ஏற்றுக்கொள்வார் என்று எந்தப் போதகரும் சொல்லக்கூடாது. மத்தேயு 20இல், பொழுது சாய ஒரு மணிநேரம் இருக்கையில் தோட்டத்துக்குள் வந்தவனுக்கும் வீட்டெஜமான் முழு நாள் கூலியைக் கொடுக்கிறார். தேவனிடம் அரைப்பேர் கிடையாது. கிருபை என்றால் என்ன என்று நான் விளங்கிக்கொண்டது அந்த அதிகாரத்தில்தான்.

ஆனால் அதே வேதாகமத்தில் யாக்கோபு 5:4உம் இருக்கிறது. வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும், அறுத்தவர்களின் சத்தம் சேனைகளுடைய கர்த்தருடைய செவிக்குப் போகும் என்கிறார். மலையகத்து ஆராதனைகளில் இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ஈரத்துக்குத் தண்ணீர்க் கழிவு, சாக்கின் எடைக்குச் சாக்குக் கழிவு என்று கொழுந்தின் நிறையில் கிலோக் கணக்காக வெட்டிய கையே ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்தியதையும் பார்த்து வளர்ந்தேன். அந்த மனிதருக்கு ஜெபம் வரும், உபவாசம் வரும், கண்ணீர்கூட வரும். யாக்கோபு கேட்பது அதையல்ல. பொன்மோதிரக்காரனுக்கு முன்வரிசை, கந்தையோடு வந்தவனுக்குக் காலடி என்று சபை பாகுபாடு காட்டுவதைக் கண்டித்துத்தான் அவர் அந்த இரண்டாம் அதிகாரத்தையே தொடங்குகிறார். அவர் சொல்லும் கிரியைகள் சாப்பாடு, துணி, இருக்கை, கூலி.

இதைச் செய்துகாட்டியவர்கள் நம் மலைநாட்டில் இருந்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன தோட்ட மக்களுக்காக வேலை செய்தவர் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் அவர் தொடங்கிய சத்யோதய நிலையத்தில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

நாங்கள் செய்வது அதன் பக்கத்தில்கூட வராது. வேலையிலிருந்து நின்ற வயதானவர்களுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் படிவங்களை எங்கள் சபை வாலிபர்கள் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்றோலில் இன்னொரு பெயர் என்று இருந்தால் காசு வருவதற்குள் அலைந்து அலைந்தே அந்த மனிதர்கள் ஓய்ந்துபோகிறார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். யாரையும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. பரலோகம் போவதற்காக இதைச் செய்வதாகவும் நான் நினைக்கவில்லை. தேவனிடம் அம்மாவுக்குக் கிடைத்த அந்த முழுப்பேரை நம்பிவிட்டு, அடுத்த வீட்டுப் பாட்டியின் சேமலாபக் காசு தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். "அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம்" என்று கலாத்தியர் 5:6இல் எழுதியது யாக்கோபு அல்ல, பவுல்.

என் சித்தப்பா இதற்கு உடன்படமாட்டார். இதெல்லாம் சமூக சேவை, ஆத்தும ஆதாயம்தான் ஊழியம் என்பார். அவர் நல்ல விசுவாசி, நடுராத்திரி கூப்பிட்டாலும் நோயாளிக்காக ஜெபிக்கப் போகிறவர். அவரிடம் ரோமர் 15ஐ எடுத்து வாசித்துக் காட்டினேன். விசுவாசத்தைப் பற்றி அத்தனை அதிகாரம் எழுதிய அதே பவுல், கடிதத்தின் கடைசியில், ரோமாபுரிக்கு வரும் முன் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிறார். அங்கே ஆபத்து இருப்பது தெரிந்து, எனக்காக ஜெபியுங்கள் என்றும் கேட்கிறார். போனார். அங்கே கைதானார்.