13868 பிழை: விண்டோஸின் சொந்த விபிஎன்

லேப்டாப் தூங்கி எழுந்ததும் நிறுவனம் தந்த விபிஎன் செயலி இணையத்தையே முடக்குகிறது, விண்டோஸ் 11-இன் சொந்த விபிஎன்னில் ஐகேஇவி2 (இணைப்பு முறைகளில் ஒன்று) போட்டால் 13868 என்று பிழை வருகிறது என்கிறீர்கள். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்க வேண்டாம், கோளாறு அங்கே இல்லை.

அந்த எண்ணுக்கு அர்த்தம், இரு பக்கமும் குறியாக்க முறையில் ஒத்துப்போகவில்லை என்பதுதான். சாவி பரிமாற்றத்துக்கு விண்டோஸ் தானாக நீட்டுவது 1024 பிட் கொண்ட பழைய டிஎச் (டிஃபி-ஹெல்மன் என்ற சாவி பரிமாற்ற முறை) குரூப் 2. கொஞ்சம் கண்டிப்பான சர்வர் அதைத் தொடவே தொடாது; பெரும்பாலும் 2048 பிட் குரூப் 14 கேட்கும். இதை மாற்ற செட்டிங்ஸில் இடமே கிடையாது (ஏன் வைக்கவில்லையோ!). பவர்ஷெல்லில் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவி) Set-VpnConnectionIPsecConfiguration என்று ரயில் நீளத்துக்கு ஒரு கட்டளை இருக்கிறது, அதில்தான் கொடுக்க வேண்டும். குரூப், குறியாக்கம், பிஎஃப்எஸ் (சாவியைப் புதிது புதிதாக மாற்றும் ஏற்பாடு) மதிப்புகளை உங்கள் நெட்வொர்க் நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள். ஊகித்துப் போட்டால் அதே பிழைதான் வரும்.

சர்வர் ஓபன்விபிஎன் அல்லது வயர்கார்டு என்ற வேறு விபிஎன் முறைகளில் இயங்கினால் இந்த வழியே கிடையாது, விண்டோஸுக்குள் அவை இல்லை.

இணைந்ததும் பழைய செயலியை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் டிரைவர் உள்ளே கிடந்தால் மறுபடி டிஎன்எஸ்ஸில் (தளப் பெயர்களை முகவரியாக மாற்றும் அமைப்பு) கை வைக்கலாம். அப்புறம் ஒன்று: விபிஎன் அறுந்தால் இணையத்தையும் நிறுத்தும் கில் சுவிட்ச் இதன் செட்டிங்ஸில் இல்லை. அது கட்டாயம் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.