இலங்கையில் வீடு, பங்களா பராமரிப்புத் தொழில்: பதிவும் சட்டமும் – கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, ஆறு பேர் சேர்ந்து பங்களா பராமரிக்கிற தொழில் தொடங்கப் போறோம். இருக்கிறது தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல), காணி உறுதிப் பத்திரம் கிடையாது. பதிய முடியுமா?

பதில்: முடியும் தம்பி. சொந்தப் பெயரில் அல்லாமல் வேறு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் அறிக்கை, தொழில் நடத்தும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசியில்தான். லயம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால், துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சம்மதக் கடிதம் கேளுங்கள். தராவிட்டால் டவுனில் ஒரு சின்ன அறையை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுங்கள்.

நுவரெலியா: நாட்கூலிக்கு வாறவங்களுக்கும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டணுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். ஒரே ஒருவரை வைத்தாலும், அவர் தற்காலிகமாக வந்தாலும் விலக்கில்லை. நாளுக்கு 1,500 ரூபாய்ப்படி 20 நாள் வேலை செய்தால் 30,000. அவர் சம்பளத்தில் 8% (2,400) பிடித்து, உங்கள் பங்கு 12% (3,600) சேர்த்து ஈபிஎப்புக்குப் போக வேண்டும். ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% (900) தனி, அதுவும் உங்கள் பங்கே. ஆக, ஓர் ஆளுக்கு உங்கள் கையிலிருந்து 4,500. வேலைக்கு விலை பேசும்போதே இதைச் சேருங்கள். சேர்க்காதவர்கள்தான் பிறகு கட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசி வேலைநாளைத் தாண்டினால் 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் ஏறும். மழையில் தகரக் கூரை ஏறி ஒருவர் சறுக்கி விழுந்தாலும் நட்டஈட்டுப் பொறுப்பு உங்களுடையதே. காப்புறுதி எடுக்காமல் யாரையும் ஏணியில் ஏற்றாதீர்கள்.

பண்டாரவளை: வீட்டுக்குப் பின்னால மண்மேட்டை வெட்டி சுவர் கட்டித் தரச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: பெயின்ட் அடிப்பது, உடைந்த ஓடு மாற்றுவது போல இதை எண்ண வேண்டாம். உங்கள் பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயப் பகுதி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும், மாநகரசபை அல்லது பிரதேச சபை அனுமதியும் கையில் வந்த பிறகே மண்வெட்டி வைக்க வேண்டும். மேட்டின் அடியை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பி, நீர் வடியக் குழாய்கள் விடாவிட்டால், ஊறிய மண்ணும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து சுவரையே தள்ளிவிடும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் வேலையை விட்டுவிடுங்கள். கீழே இன்னொரு குடும்பம் தூங்குகிறது.

மாத்தளை: வளவுல நிக்கிற பலா மரத்தை வெட்டச் சொல்றாங்க, அண்ணா.

பதில்: பலா, ஈரப்பலா இரண்டுக்கும் பிரதேச செயலகத்தில் அனுமதி வேண்டும், சொந்தக் காணியில் நின்றாலும்தான். விண்ணப்பத்தைக் காணி உரிமையாளரே கொடுக்கட்டும். அனுமதிப் பத்திரம் வரும்வரை கிளையைக்கூடத் தொடாதீர்கள்.