அரசியல் பேசினாலே சண்டை: நண்பரை விட்டு விலகிவிடலாமா?

கேள்வி: நானும் என் நண்பரும் கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம். தேர்தலுக்குப் பிறகு அவர் ஒரு பக்கம், நான் நேர் எதிர்ப்பக்கம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் மோதல். போன வாரம் “உன்னை மாதிரி ஆட்களாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு” என்று எல்லார் முன்னாலும் எழுதிவிட்டார். அதிலிருந்து பேச்சில்லை. அவரை இழக்க மனமில்லை, ஆனால் என் கருத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கருத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை. அவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கருத்து ஒன்றானால்தான் நட்பு நிலைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒன்று எதிராளியை மாற்றியே தீருவேன் என்று கிளம்புகிறார்கள், இல்லையென்றால் தொடர்பையே அறுத்துக்கொள்கிறார்கள்.

கடைசி மூன்று மாதத்தில் இருவரும் எதைப் பற்றியெல்லாம் பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய வேலை, அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதது, உங்கள் கவலைகள், இதில் ஏதாவது இருந்ததா? ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்கும்போது பெரும்பாலும் பதில் “இல்லை” என்றுதான் வரும். கருத்து வேறுபாடு நட்பை அரித்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு: மற்ற பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய், சந்திக்கிற ஒரே இடம் சண்டை போடும் இடமாக மிஞ்சுகிறது. அப்புறம் அந்த மனிதரே ஒரு கட்சியின் குரலாக மட்டும்தான் காதில் விழுவார்.

அதனால் முதல் வேலை, குழுவில் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை போனில் கூப்பிடுவது. செய்தி அனுப்பாதீர்கள், கூப்பிடுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜூலியானா ஷ்ரோடர், மைக்கேல் கார்டாஸ், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களோடு அரசியலில் முரண்படும் ஒருவரின் கருத்தைச் சிலர் எழுத்தில் படித்தார்கள், சிலர் அவர் குரலிலேயே கேட்டார்கள். குரலில் கேட்டவர்களுக்கு அந்த ஆள் யோசிக்கத் தெரிந்தவராக, மனிதத்தன்மை உள்ளவராகத் தெரிந்தார், எழுத்தில் படித்தவர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. தயக்கம், வருத்தம், கிண்டல் எல்லாம் குரலில் இருக்கும். எழுத்தில் அவையெல்லாம் உதிர்ந்துபோய், மோசமான அர்த்தத்தை நாமே போட்டு நிரப்பிக்கொள்கிறோம். குழு என்றால் இன்னும் மோசம், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது “ஆமா, நீ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு” என்று யாராலும் இறங்கி வர முடியாது.

கூப்பிட்டு என்ன சொல்வது? “அன்னைக்கு நீ எழுதினது எனக்கு ரொம்ப வலிச்சுது. நானும் சூடாத்தான் எழுதியிருந்தேன். அந்த விஷயத்தை இப்ப பேச வேண்டாம், எனக்கு உன்கூடப் பேசணும்.” இவ்வளவு போதும். யார் ஆரம்பித்தது என்ற விசாரணை வேண்டாம். இந்தப் பேச்சில் அரசியலை எடுக்கவே வேண்டாம், அடுத்த இரண்டு மூன்று முறை சந்திக்கும்போதும் வேண்டாம். உறவில் மற்ற விஷயங்களுக்கு மறுபடி இடம் கிடைக்கட்டும்.

அதற்காக, இனி அரசியலே பேசுவதில்லை என்று நிரந்தரமாகச் சத்தியம் செய்துகொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கொஞ்ச காலத்துக்கு நல்லதுதான். ஆனால் இருவருக்கும் அரசியல் இவ்வளவு முக்கியம் என்றால், அதை மூடி வைத்துவிட்டுப் பழகும்போது ஆளுக்குப் பாதி மனிதர்தான் அங்கே இருப்பீர்கள். பேசுங்கள், பேசும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். “இதை எப்படி உன்னால ஆதரிக்க முடியுது?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் குற்றச்சாட்டு. “இந்த விஷயம் உனக்கு ஏன் இவ்வளவு முக்கியமா இருக்கு?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு அனுபவம் வெளியே வரும்: வேலை போனது, எங்கோ அவமானப்பட்டது, ஒரு பயம். அவர் சொல்லி முடித்ததும், அவர் வாதத்தை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், அவர் “ஆமா, அதேதான்” என்று சொல்லும்வரை உங்கள் மறுப்பைத் தொடங்காதீர்கள். இது சிரமமான காரியம், முதலில் நாக்கு ஒத்துழைக்காது.

இன்னொரு வழியும் உண்டு. பிலிப் ஃபெர்ன்பாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறாய் என்று கேட்காமல் அது எப்படி வேலை செய்யும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னபோது, தங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று பலர் உணர்ந்தார்கள், நிலைப்பாட்டின் கடுமையும் சற்றுத் தணிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தணிவு எப்போதும் கிடைத்துவிடவில்லை, அதனால் அவரை மடக்கும் ஆயுதமாக இதைக் கொண்டுபோக வேண்டாம். இருவரும் சேர்ந்து யோசிக்கிற மாதிரி, உங்கள் பக்கத்துக் கொள்கையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

அவர் ஆதரிக்கும் கட்சியின் தலைவர் ஒவ்வொருவரும் பேசியதற்கெல்லாம் அவரிடம் பதில் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பேற்பீர்களா? பொய்ச் செய்தி ஏதாவது பகிர்ந்தால் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வைத்துத் திருத்தினால் அவருக்குத் திருத்தம் தெரியாது, அவமானம்தான் தெரியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், பெரியாரையும் ராஜாஜியையும் பாருங்கள். 1938-ல் ராஜாஜியின் ஆட்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பெரியார் சிறை போனார். 1950களில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். கடவுளிலிருந்து சாதிவரை இருவருக்கும் ஒத்துப்போகாது. அதே பெரியார்தான் 1949-ல் தன் திருமணம் பற்றி ஆலோசனை கேட்க ராஜாஜியிடம் போனார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். எதிர்ப்பை இருவரும் மேடையில் ஒளிவுமறைவில்லாமல் வைத்தார்கள், அந்தரங்கமான விஷயத்தில் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த நம்பிக்கைதான்.

எல்லா நட்பையும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரி, மானியம், கூட்டணி, எந்தத் தலைவர் நல்லவர் என்பதெல்லாம் கருத்து வேறுபாடு. உங்கள் பிறப்பையோ மதத்தையோ உங்கள் வீட்டுப் பெண்களையோ இழிவாகப் பேசினால், உங்களுக்குச் சம உரிமையே கூடாது என்று வாதிட்டால், அதைச் சகித்துக்கொண்டு நண்பராக இருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. “இப்படிப் பேசினா நான் எழுந்து போயிடுவேன்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், மறுபடி நடந்தால் நிஜமாகவே எழுந்து போங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் அந்த இடத்துக்கு வந்துவிட்டதாகத் தெரியவில்லை. “உன்னை மாதிரி ஆட்கள்” என்பது கோபத்தில் வந்த வார்த்தை, திரும்பப் பெறக்கூடிய வார்த்தை.

கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை என்றால், “நேரம் கிடைக்கும்போது கூப்பிடு” என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். அந்த நாட்களில் அவர் குழுவில் என்ன எழுதினாலும் பதில் போடாதீர்கள், அவரைக் குத்துகிற மாதிரி ஸ்டேட்டஸும் வைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் அவர் கூப்பிடவில்லை என்றால் நீங்களே இன்னொரு முறை கூப்பிடுங்கள்.