ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

"ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும், வண்டி வேகமெடுக்கும், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாகக் கார் ஓட்டும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில்தான் தெளிந்தது.

வண்டியில் இழுவையே இல்லை. சில்க் போர்டு மேம்பாலம் ஏறவே இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மெக்கானிக் ஆம்பூர்க்காரர். பானெட்டைத் திறந்தவர் பெட்ரோல் பக்கமே போகவில்லை. நேராக ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளைக் கழற்றினார். உள்ளே எலிக்கூடு! பஞ்சு, தேங்காய் நார், கடித்த பிஸ்கட் உறை. "மூக்கை அடைச்சிட்டு ஓடச் சொன்னா எப்படி சார் ஓடும்?" என்றார்.

பெட்ரோல் காரில் நாம் மிதிப்பது காற்றுக் கதவைத் திறக்கத்தான். உள்ளே வரும் காற்றை சென்சார் அளக்கும். அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதுவும் கடல் மட்டத்தில். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சென்னையைவிட 10 சதவீதம் போலக் குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத வண்டி இங்கே கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கும். ஊருக்குப் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டியதும் வண்டி உற்சாகமாவதற்கு ஊர்ப் பாசம் மட்டும் காரணமில்லை.

அப்புறம் சிலிண்டர். பிஸ்டன் இறங்கும்போது கலவை உள்ளே வரும். ஏறும்போது பத்தில் ஒரு பங்காக நெருங்கும். பிளக் பொறி விட்டதும் எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது புகை வெளியே போகும். 1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய அதே முறை. பிஸ்டனின் இந்த நாலு ஓட்டத்தில் எரிந்து தள்ளும் ஒன்றுதான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் அதன் தயவில். 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என நொடிக்கு 25 முறை எரிகிறது.

'வெடிக்கிறது' என்பது பேச்சுக்குச் சொல்வது. பொறியிலிருந்து தீ பரவி எரிகிறது, அவ்வளவுதான். மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் அது நாக்கிங். நந்தி மலை ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் மிதித்தால் கிணிகிணியென்று கேட்குமே, அது.

டீசல் வண்டி என்றால் நீங்கள் நினைத்தது சரி. அங்கே பொறி விடும் பிளக் கிடையாது, மிதித்தால் டீசல்தான் கூடும்.

கடைசியில் ஒரு பிளக்கையும் கழற்றிக் காட்டினார். முனை இளம் பழுப்பு. "நல்லாத்தான் எரியுது சார், கறுத்திருந்தாத்தான் கவலை." புது ஃபில்டர் போட்டு, பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒன்றைக் கட்டி வைக்கச் சொன்னார். கட்டியிருக்கிறேன். எலி இதுவரை திரும்பவில்லை.