தாய் இனிப்புச் சில்லி சாஸ்: நெஞ்செரிச்சலுக்கு மிளகாய்தான் காரணமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். இனிப்புநீர், பிரஷர் இரண்டுக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். மகன் தாய்லாந்தின் ஹட்யாய் போய் வந்தபோது இனிப்புச் சில்லி சாஸ் ஒரு போத்தல் வாங்கி வந்தான். பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொண்டேன். காரமே இல்லை, ருசியாக இருந்தது. ஆனால் இரவு முழுக்க நெஞ்செரிச்சல். காலையில் சீனி 10.4. மிளகாயால் குடல்புண் வந்துவிட்டதா? சாஸை நிறுத்த வேண்டுமா?

பதில்: அம்மா, மிளகாய் மேல் பழி போடும் முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். தாய் எழுத்து மட்டும் இருந்தால், பக்கத்துக் கடையில் அதே மாதிரி ஒன்றை எடுத்துப் படியுங்கள். சேர்மானம் ஏறக்குறைய ஒன்றுதான். அதிகம் சேர்த்ததை முதலில் போடுவது லேபிள் வழக்கம். இந்தச் சாஸில் பெரும்பாலும் 'குலா', அதாவது மலாயில் சீனிதான் முதலில் நிற்கும், இல்லாவிட்டால் இரண்டாவதாக. மிளகாய், வினிகர், பூண்டு, உப்பு எல்லாம் கூட வருபவை. தாய்லாந்தில் இதை 'நாம் சிம் காய்' என்பார்கள், கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸ்.

ஒரு கரண்டி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மிளகாய் விதையும் பூண்டுத் துணுக்கும் அடியில் இறங்காமல் அந்தரத்திலேயே நிற்கும். பாகு கெட்டியாக இருக்க மாவோ சாந்தன் கம்மோ சேர்த்திருப்பார்கள். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, பூண்டு வாசம், கடைசியில்தான் மெல்லக் காரம். புளிப்பும் உப்பும் சேர்ந்து இனிப்பைத் திகட்ட விடுவதில்லை. அவ்வளவு சீனியை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் இரண்டாம் மடக்குக்கே முகம் சுளிப்பீர்கள். கோழியோடு என்றால் கிண்ணம் காலியாவதே தெரியாது.

பல வகைகளில் ஒரு மேசைக்கரண்டிக்கு 7, 8 கிராம் சீனி இருக்கும். தாராளமாகத் தொட்டு நான்கு கரண்டி போயிருந்தால் 30 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது இனிப்புநீர் இல்லாதவருக்கும் சேர்த்துச் சொன்னது. உப்பும் குறைவில்லை. பிரஷருக்கு அதுவும் ஆகாது.

ஆனாலும் காலையில் வந்த 10.4 முழுவதையும் சாஸ் தலையில் கட்ட மாட்டேன். சாஸில் உள்ள சீனி சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில்தான் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். காலை வெறும் வயிற்றில் லிட்டருக்கு 4.4 முதல் 7.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 10.4 என்றால், நேரங்கழித்துச் சாப்பிட்ட சோறு, கோழி மேல் பூசிய மாவு, மருந்தின் அளவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் காலை அளவை எழுதி, அடுத்த முறை கிளினிக்கில் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை எடுத்து நாளாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு வருவோம். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்காது. அதோடு வினிகரும் மிளகாயும் சேர்ந்து, சாப்பிட்ட கையோடு படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறத்தான் செய்யும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

குடல்புண் விஷயத்தில் மிளகாய் பெரும்பாலும் நிரபராதி. புண் இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த காரணம் வலி மாத்திரை. பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையை அரிக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீங்கள் அதுபற்றி எழுதவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் கொண்டு போங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். இனிப்புநீர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்செரிச்சல் மாதிரியே வரும். எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது கை வலி, திடீர் அசதி இருந்தால் காற்று என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 999க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி வந்தாலும் அப்படித்தான். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

சாஸை வீச வேண்டாம். எப்போதாவது ஒரு தேக்கரண்டி அளந்து தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், போத்தல் மேசைக்கு வர வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் பழுத்த மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, துளி உப்பு, கொஞ்சமே கொஞ்சம் சீனி அரைத்து வீட்டிலேயே செய்யலாம். போத்தல் சாஸை நாள்பட வைத்திருப்பது சீனியும் வினிகரும். உங்கள் சாஸ் அப்படித் தாங்காது. கொஞ்சமாக அரைத்து, ஃபிரிஜ்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.